ஏவிவிட்டால் போதுமா?

இம்மலரில் ‘நன்றியுடன் வழியனுப்புகிறோம்’ என்னும் பக்கத்தைப் புரட்டியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நம் விடுதிச் சமையற்கூடத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற அக்காவின் புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. ஓவியம் நன்றாகத்தான் இருக்கிறது. வரைந்த ஒன்பதாம் வகுப்புத் தங்கையை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும், வழியனுப்பு விழாவன்று மாலையும் கழுத்துமாக அக்கா வாய்விட்டுச் சிரித்த புகைப்படம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதை அழித்தவர்கள் நாங்கள்தாம்.

அன்புத் தோழியரே, மதிப்பிற்குரிய சகோதரியரே, பெற்றோரே! வேண்டுமென்று அழித்தோமில்லை. ஆனால் ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளவும் எங்களுக்கு மனமில்லை. எப்படி நடந்தது என்பதையும், அதனால் நம் கணினிக் கூடத்தில் எது மாற வேண்டும் என்று நாங்கள் கருதுகிறோம் என்பதையும் இங்கே எழுத முன்வந்துள்ளோம்.

மலருக்காகச் சேர்ந்த புகைப்படங்கள் மொத்தம் 212. அவற்றை எல்லாம் ஒரே அகலத்தில் தரவேண்டும் என்று அச்சகத்தார் கேட்டிருந்தனர். ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்கினால் இரண்டு நாள் ஆகும். கணினி அறிவியல் படிக்கும் நாங்கள் அப்படி உட்கார்ந்திருப்போமா? பைத்தான் மொழியில் பதினைந்து வரியில் ஒரு நிரல் எழுதினோம். படத்தைச் சுருக்கும் வேலையை எங்கள் நிரல் தானே செய்யவில்லை. இமேஜ்மேஜிக் என்னும் வேறொரு மென்பொருளின் ‘கன்வெர்ட்’ கட்டளையை ஏவி, அதன் கையில் வேலையைக் கொடுத்தது. சுருக்கிய படம் புதிய கோப்புறைக்குப் போக வேண்டும். இடத்தை அடைக்கிறதே என்று, பழைய படத்தை அடுத்த வரியிலேயே நீக்கச் சொன்னோம். (இந்த ஒரு வரிக்காக எத்தனை முறை தலையில் அடித்துக் கொண்டோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.)

நிரலை ஓடவிட்டோம். மதிய மணி அடித்தது. சாப்பிடப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் புதிய கோப்புறையில் 175 படங்கள் இருந்தன. பழைய கோப்புறை காலி!

“சிஸ்டர், புரோகிராம் நல்லாத்தான் ஓடிச்சு” என்றோம், அழாத குறையாக.

“ஏம்மா, ஓடிச்சுன்னு சொல்றீங்க. வேலை முடிஞ்சுதான்னு கேட்டீங்களா?” என்றார் கணினிக் கூடத்துச் சகோதரி.

கேட்கவில்லை. அதுதான் எங்கள் குற்றம்.

காணாமற்போன 37 படங்களின் பெயர்களைப் பார்த்தபோது ஓர் ஒற்றுமை தெரிந்தது. அவையெல்லாம் பெற்றோர் வாட்ஸ்அப்பில் அனுப்பி, நாங்கள் கணினியில் இறக்கிக் கொண்டவை. அப்படி இறக்கிய படங்களின் பெயர், ‘வாட்ஸ்அப் இமேஜ்’ என்று தொடங்கி, நாள், மணி என்று நீண்டு கொண்டே போகும். இடையிடையே வெற்றிடங்கள். ஒரே நொடியில் இரண்டு படம் வந்திருந்தால் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணும் சேர்ந்திருக்கும். பள்ளிக் கேமராவில் எடுத்த படங்களின் பெயரிலோ இடைவெளியே கிடையாது. தமிழில் ‘கும்மி’ என்று பெயரிட்ட கோப்புகூடத் தப்பியது. கெடுத்தது இடைவெளி ஒன்றுதான்.

இதைப் பெற்றோர்க்கும் விளங்கும்படி சொல்ல வேண்டுமானால் மளிகைக் கடைக்கு வரவேண்டும். அம்மா ஒரு துண்டுத்தாளில் ‘கடலை மாவு எண்ணெய்’ என்று ஒரே வரியில் எழுதித் தங்கையிடம் கொடுத்தனுப்புகிறார். கடைக்காரர் என்ன கொடுப்பார்? கடலை மாவும் எண்ணெயுமா? கடலை, மாவு, எண்ணெய் என்று மூன்று பொருளா? எழுதியவர் மனத்தில் இருந்தது தாளில் இல்லையே! ஒரு வரிக்கு ஒரு பொருள் என்று பட்டியலாக எழுதியிருந்தால் இந்தச் சங்கடமே வராது.

பைத்தானில் ‘ஓஎஸ் சிஸ்டம்’ என்று எழுதி ஒரு சரத்தைக் கொடுக்கும்போது, அந்தச் சரம் நேராகக் ‘கன்வெர்ட்’ கட்டளையிடம் போவதில்லை. நடுவே ஷெல் என்னும் ஓர் இடையாள் இருக்கிறார். மனிதர் விசைப்பலகையில் தட்டுவதைப் படிப்பதற்காகவே பிறந்தவர் அவர். இடைவெளி கண்ட இடமெல்லாம் சொற்களைப் பிரிப்பார். அரைப்புள்ளி கண்டால், ‘இதோடு ஒரு கட்டளை முடிந்தது, இனி அடுத்தது’ என்று கொள்வார். டாலர் குறி, நட்சத்திரக் குறி, அடைப்புக்குறி, நெடுங்கோடு ஒவ்வொன்றுக்கும் அவரிடம் தனிப் பொருள் உண்டு. எங்கள் படத்தின் பெயரை அவர் ஆறேழு துண்டாக்கிக் கொடுக்க, அப்படி எந்தக் கோப்பும் இல்லையே என்று ‘கன்வெர்ட்’ கைவிரித்துவிட்டது. அடைப்புக்குறி வந்த பெயர்களிலோ, ஷெல்லே குழம்பி எதையும் ஏவாமல் நின்றுவிட்டார்.

இதிலே கொடுமை என்னவென்றால், நீக்கும் வேலையை நாங்கள் ஷெல்லிடம் கொடுக்கவில்லை. அதைப் பைத்தானே செய்தது. பைத்தானுக்குப் பெயர் முழுதாகத் தெரியும். எனவே சுருக்கப் போனவர் படத்தைக் கண்டுபிடிக்கவில்லை. நீக்கப் போனவர் மட்டும் சரியாகக் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்!

சரி, ‘கன்வெர்ட்’ தோற்றுப் போனதை எங்கள் நிரலிடம் சொல்லவில்லையா? சொன்னது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். பூச்சியம் என்றால் வெற்றி. வேறு எந்த எண்ணானாலும் ஏதோ கோளாறு. நம் பள்ளியில் பூச்சியம் வாங்கினால் என்ன பெயர் என்று அனைவர்க்கும் தெரியும். அங்கே எல்லாரும் விரும்புவது பூச்சியத்தைத்தான்! அந்த எண் 37 முறை வேறாக வந்தது. வாங்கிப் பார்க்க எங்கள் நிரலில் ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் கொண்டு வந்த கடிதத்தை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே சாப்பிட்டுக் கொண்டிருந்த கதைதான்.

இப்படி எழுத எங்கே கற்றோம்? மறைக்காமல் சொல்கிறோம்: பாடநூலில்தான். 2019-ல் வெளிவந்த நம் மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் 14-ஆம் பாடம், பைத்தானிலிருந்து சி பிளஸ் பிளஸ் நிரல்களை இயக்குவது பற்றியது. பள்ளி மாணவிக்கு இவ்வளவு ஆழமான செய்தியைத் துணிந்து சொல்லிக் கொடுத்ததற்கு அந்நூலை எழுதியவர்களைப் போற்றுகிறோம். பைத்தானை ஏன் பசைபோல் ஒட்டும் மொழி என்கிறார்கள் என்பது எங்களுக்குப் புரிந்ததே அந்தப் பாடத்தில்தான். ஆனால் அதிலுள்ள நிரல், கோப்பின் பெயரை வாங்கிக் கூட்டல் குறியால் ‘ஜி பிளஸ் பிளஸ்’ என்னும் சொல்லோடு ஒட்டி, ஒரே சரமாக ஷெல்லிடம் கொடுக்கிறது. பிறகு, மொழிபெயர்ப்பு சரியாக முடிந்ததா என்று பாராமலே, விளைந்த நிரலை ஓடவிடுகிறது.

இதனால் நம் கூடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் வேடிக்கையைத் தோழியர் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு மாணவி நேற்று எழுதிய சி பிளஸ் பிளஸ் நிரலை இன்று திருத்துகிறாள். திருத்தத்தில் ஒரு பிழை. மொழிபெயர்ப்பு நடக்கவில்லை. ஆனால் நேற்றைய இயங்குகோப்பு அங்கேயே கிடக்கிறதே! அது ஓடி, நேற்றைய விடையைக் காட்டுகிறது. பிழைச்செய்தி மேலே ஓடி மறைந்துவிட, அவள் அந்த விடையை ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக் கையொப்பமும் வாங்கிவிடுகிறாள். எங்களில் மூவர் நோட்டில் அத்தகைய விடைகள் இன்றும் உள்ளன.

‘நூலில் உள்ளபடி எழுதினால்தான் மதிப்பெண், வேறு வழி எதற்கு?’ என்று கேட்கும் தோழியர் உண்டு. தேர்வில் நூலில் உள்ளபடியே எழுதுங்கள். நாங்களும் அப்படித்தான் எழுதப் போகிறோம். ஆனால் கூடத்தில் நாம் தொடுவது பிறருடைய கோப்புகள், பிறருடைய படங்கள். அவற்றுக்கு மதிப்பெண் போட யாரும் வரமாட்டார்கள்.

இன்னொரு கருத்து பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் வந்தது. ‘இவ்வளவு ஆபத்து என்றால், பிள்ளைகள் வெளிக் கட்டளைகளை ஏவுவதையே தடை செய்துவிடலாமே’ என்று ஒரு தந்தையார் கேட்டார். நல்லெண்ணத்தில்தான் கேட்டார். ஆயினும் நாங்கள் அதை ஏற்கவில்லை. படத்தைச் சுருக்கும் கலையைப் பலர் பல ஆண்டுகள் உழைத்து ஒரு கட்டளைக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பதினைந்து வரியில் நாங்கள் மறுபடி படைக்க முடியுமா? 1969-ல் பெல் ஆய்வுக் கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் அமைப்பின் அழகே இதுதான். 1973-ல் டக் மெக்கில்ராய் வற்புறுத்தியதன் பேரில் அதில் குழாய்கள் சேர்ந்தன. ஒரு கட்டளையின் விளைவு அடுத்த கட்டளைக்குள் பாயத் தொடங்கியது. சிறு சிறு கருவிகளைச் சேர்த்துப் பெரிய வேலை செய்வது அன்று தொட்டு வந்த வழி. சமையற்கூடத்தில் ஒரு முறை கை சுட்டுக்கொண்டதற்காக அடுப்பையே மூடிவிடுவார்களா?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தேவையில்லாமலும் ஏவுகிறோம். இந்நிகழ்ச்சிக்குப் பின் எங்கள் பழைய நிரல்களை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். வெளிக் கட்டளையை ஏவிய 11 இடங்களில் 7 இடங்களில் அது வேண்டவே வேண்டாம். கோப்புறை உருவாக்க, கோப்பை நகலெடுக்க, பெயர் மாற்ற, கோப்புப் பட்டியல் எடுக்க எல்லாம் பைத்தானிலேயே வழி இருக்கிறது. பக்கத்து அறையில் இருக்கும் தம்ளரை எடுக்க ஆள் அனுப்புவது போல, சோம்பலால் ஏவியிருக்கிறோம்.

எஞ்சிய 4 இடங்களில் ஏவத்தான் வேண்டும். எப்படி ஏவுவது? பட்டியலாக. 2004-ல் வந்த பைத்தான் 2.4 பதிப்பிலேயே ‘சப்பிராசஸ்’ என்னும் கூறு சேர்க்கப்பட்டது. 2015-ல் 3.5 பதிப்பில் அதற்கு ‘ரன்’ என்னும் எளிய செயற்கூறு கிடைத்தது. கட்டளையின் பெயர் ஒன்று, படத்தின் பெயர் ஒன்று, அளவு ஒன்று என்று தனித்தனியாகப் பட்டியலில் வைத்துக் கொடுத்தால், ஷெல் என்னும் இடையாளே வருவதில்லை. படத்தின் பெயரில் இடைவெளி இருந்தாலும், அரைப்புள்ளி இருந்தாலும், அது ஒரே பெயராகவே போய்ச் சேரும். உண்மையில் யூனிக்ஸ் அமைப்பின் அடித்தளம் எப்போதும் பட்டியலைத்தான் வாங்கிக் கொள்கிறது. சரத்தைப் பிரித்துப் பட்டியலாக்கித் தருவதே ஷெல்லின் வேலை. நாம் முன்பே பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். அதை ஒட்டிக் கொடுத்து மறுபடி அவரைப் பிரிக்கச் சொல்வானேன்?

‘செக்’ என்பதற்கு ‘ஆம்’ என்று மட்டும் சேர்த்துவிட்டால், கட்டளை தோற்றவுடன் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அடுத்த வரிக்குப் போகாது. அந்த ஒரு சொல் எங்கள் நிரலில் இருந்திருந்தால் முதல் வாட்ஸ்அப் படத்திலேயே நின்றிருக்கும். ஒரு படமும் போயிருக்காது.

‘பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போட்டால் போதுமே’ என்றாள் கல்லூரியில் படிக்கும் எங்கள் பழைய மாணவி ஒருத்தி. போட்டுப் பார்த்தோம். இடைவெளிச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஆசிரியர் தின விழாப் படங்களுக்கு யாரோ ஆங்கிலத்தில் ‘டீச்சர்ஸ் டே’ என்று, நடுவே மேற்குறியும் இட்டு, இலக்கணச் சுத்தமாகப் பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் போட்ட ஒற்றை மேற்கோள் அந்த இடத்தில் முடிந்து போயிற்று! இரட்டை மேற்கோள் போட்டாலோ டாலர் குறி அதற்குள்ளும் தன் வேலையைக் காட்டும். ஷெல்லையே அழைத்தாக வேண்டிய கட்டாயம் வந்தால், சரியாக மேற்கோள் இட்டுத் தரும் செயற்கூறு ஒன்று பைத்தானில் 2012 முதல் இருக்கிறது. கையால் இட வேண்டியதில்லை.

‘இது பள்ளிப் பிள்ளைகளின் தவறு, பெரிய இடங்களில் இப்படி நடக்குமா?’ என்று எண்ண வேண்டாம். 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0 நிறுவியில், வட்டின் பெயரைச் சுற்றி மேற்கோள் குறி இடாமல் நீக்கும் கட்டளையை எழுதிவிட்டார்கள். வட்டின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய கோப்புகள் எல்லாம் அழிந்தன. நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று உடனே திருத்திய பதிப்பை வெளியிட்டது. எங்களுக்குப் போனது 37 படம். அவர்களுக்குப் போனது வட்டிலிருந்த அனைத்தும். காரணம் ஒன்றே: ஓர் இடைவெளி.

அது கவனக்குறைவு. வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. இணையம் வளரத் தொடங்கிய காலத்தில், வலைப் பரிமாறி மென்பொருளோடு ‘பிஎச்எஃப்’ என்னும் சிறு நிரல் ஒன்றும் சேர்ந்து வந்தது. தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் தேடித் தருவது அதன் வேலை. வாசகர் தட்டிய பெயரை ஒரு கட்டளையோடு ஒட்டி ஷெல்லிடம் கொடுத்தது. எழுதியவர்கள் கவனமானவர்கள்தாம், ஆபத்தான குறிகளை எல்லாம் களைந்துதான் கொடுத்தார்கள். ஆனால் புதுவரிக் குறியை மறந்துவிட்டார்கள். பெயருக்குப் பின் ஒரு புதுவரி இட்டு, தாம் விரும்பிய கட்டளையை எழுதிய விஷமிகள், அந்தக் கணினியின் கணக்குப் பட்டியலையே வாங்கிச் சென்றார்கள். 1996-ல் இது குறித்து எச்சரிக்கை வெளிவந்தது. களைய வேண்டியவற்றை எண்ணி எண்ணிக் களைவதில் இதுதான் தொல்லை. ஒன்று விட்டுப் போனாலும் போதும்!

1987-ல் லாரி வால் வெளியிட்ட பெர்ல் மொழியில் பின்னர் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வெளியிலிருந்து வந்த எந்தத் தகவலையும் ‘கறைபட்டது’ என்று குறித்து வைக்கும். சோதித்துப் பாராமல் அதைக் கட்டளைக்குக் கொடுக்க முயன்றால் நிரல் மறுத்துவிடும். கொடியில் காயும் சீருடையை மடிக்கும் முன் கறை பார்க்கும் விடுதிச் சகோதரியை நினைத்துக் கொண்டோம்.

பட்டியலாகக் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்ல மாட்டோம். கோப்பின் பெயரே சிறு கோட்டுடன் தொடங்கினால், பல கட்டளைகள் அதைப் பெயர் என்று கொள்ளாமல் தமக்கிட்ட விருப்பம் என்று கொள்ளும். விண்டோஸ் கணினிகளில் பட்டியல் உள்ளே போனதும் மறுபடி ஒரே வரியாக ஒட்டப்படுகிறது. அதிலும் ‘பேட்ச்’ கோப்புகளை ஏவும்போது அங்குள்ள கட்டளை இடையாள் எப்படியும் நுழைந்துவிடுகிறார். பாதுகாப்புக்குப் பெயர்போன ரஸ்ட் மொழிக்கே 2024 ஏப்ரலில் இதற்காகத் திருத்தப் பதிப்பு வெளியிட நேர்ந்தது. பெரியவர்களே இன்னும் கற்றுக் கொண்டிருக்கும் செய்தி இது. நாங்கள் வெட்கப்பட்டது போதும் என்று தோன்றியது அதைப் படித்தபோதுதான்.

நாங்கள் கேட்பது பெரிதொன்றுமில்லை. 14-ஆம் பாடத்தைக் கூடத்தில் செய்யும் நாளன்று, நூலிலுள்ள நிரலைச் செய்தபின், அதே நிரலைப் பட்டியல் முறையிலும் ஒரு முறை எழுத வைக்க வேண்டும். அதற்கு 20 நிமிடம் போதும்; நாங்கள் மணி பார்த்துச் செய்து பார்த்திருக்கிறோம். இரண்டாவதாக, பதினொன்றாம் வகுப்புத் தங்கைகளுக்குச் செய்முறைக்காகக் கொடுக்கும் கோப்புகளில் வேண்டுமென்றே இடைவெளியும் மேற்குறியும் அடைப்புக்குறியும் உள்ள பெயர்கள் நாலைந்து கலந்திருக்க வேண்டும். அழிந்தால் அழுவதற்கு யாருமில்லாத கோப்புகளில் முதலில் தடுக்கி விழட்டும். மூலத்தை நீக்கும் வரியைப் பற்றி மட்டும் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நிரலில் அந்த வரியே கூடாது, கையால்தான் நீக்க வேண்டும் என்கிறார்கள் பாதிப் பேர். விளைந்த கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நீக்கலாம் என்கிறோம் மற்றவர்கள். சகோதரி சிரித்துக்கொண்டே இருபக்கமும் சேராமல் இருக்கிறார்.

அழிந்த 37-ல் 29 படங்களை வீடு வீடாகக் கேட்டுத் திரும்பப் பெற்றோம். எட்டு கிடைக்கவில்லை. அக்காவின் படத்தை அனுப்பியவர் கைப்பேசியிலும் அது இல்லை. பெற்றவர் கைப்பேசியிலும் இல்லை. அக்கா இப்போது மகன் வீட்டில் வெளியூரில் இருக்கிறார். தொலைபேசியில் பேசியபோது, “போட்டோதான கண்ணு, போனா போவுது, நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களா?” என்றார். எங்களுக்குப் பேச்சே எழவில்லை.

அந்த வழியனுப்பு விழாவுக்கு வந்து படம் எடுத்த பெற்றோர் யாரேனும் இருந்தால், தயவுசெய்து உங்கள் கைப்பேசியில் ஒருமுறை தேடிப் பாருங்கள். கிடைத்தால் கணினிக் கூடத்தில் சேர்ப்பியுங்கள். கோப்பின் பெயரில் எத்தனை இடைவெளி இருந்தாலும் அப்படியே கொண்டு வரலாம்.

— கணினி அறிவியல் மாணவியர்,
பன்னிரண்டாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு